அம்பாசடர் 1489 பெட்ரோல்: கேம் பேரிங் மாத்தின பிறகு ராக்கருக்கு ஆயில் ஏறல, உதவி வேணும்

இரணியல்_அம்பி:
பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். போரிங், கிராங்க் கிரைண்டிங், மெயின், பிக் எண்ட் பேரிங் (கிராங்க்கைத் தாங்குறதும், கனெக்டிங் ராடில் வர்றதும்) எல்லாம் முடிச்சு, கேம் ஷாஃப்டைத் தாங்குற கேம் பேரிங் மூணும் புதுசு போட்டாச்சு. கேம் பேரிங் இறக்கினது நாகர்கோவிலில் ஒரு லேத்தில். ஆயில் பம்பும் புதுசு, ஆயில் 20டபிள்யூ50. சூடான பிறகு ஐடிலில் பிரஷர் 15 பவுண்டு பக்கம் நிக்குது. ஆனா கவரைக் கழற்றிப் பாத்தா, வால்வை அமுக்குற ராக்கர்கள் மாட்டியிருக்கும் ராக்கர் ஷாஃப்ட் வறண்டு கிடக்கு, கொஞ்ச நேரத்திலேயே டப்பெட் சத்தம் கூடுது. பிளாக்கைத் திரும்பப் பிரிக்காம சரி பண்ண வழி உண்டா?

குழித்துறை_டீசல்:
முதல்ல இன்ஜினை ஓட விடாதீங்க தம்பி. வறண்ட ராக்கர் புஷ்ஷும் ஷாஃப்டும் சீக்கிரம் தின்னு போயிரும்.

15 பவுண்டு மோசமில்ல. இந்த இன்ஜினுக்கு ஐடிலில் 10 முதல் 25 வரை இருக்கலாம். அதனால பம்பைத் தொட வேண்டாம். ராக்கருக்கு ஆயில் போற வழியைத்தான் பாக்கணும்: கேலரி (பிளாக்கில் நீளமா ஓடுற ஆயில் வழி), ரியர் மெயின் (பின்பக்க மெயின் பேரிங்), பின்பக்கக் கேம் பேரிங், அங்கேயிருந்து பிளாக்குக்குள்ள மேலேறி ஹெட், கடைசியா பின்பக்க ராக்கர் ஸ்டாண்டு (ராக்கர் ஷாஃப்டைத் தாங்குற கால்). மேலே இருந்து கீழே ஒவ்வொண்ணா பாத்துட்டு வாங்க.

ஆயில் ஓட்டை உள்ள ஸ்டாண்டு பின்பக்கம்தான் வரணும். மாத்தி மாட்டியிருந்தா இதே கதைதான். ராக்கர் ஷாஃப்டில் உள்ள ஓட்டைகள் கீழ்ப்பக்கம் பாத்து இருக்கணும், உள்ளே பழைய கசடு அடைச்சிருக்கான்னு கம்பி விட்டுப் பாருங்க. அடுத்து ஹெட் கேஸ்கெட் தலைகீழா இருக்கான்னு பாருங்க. இதெல்லாம் சரின்னா ஹெட்டைக் கழற்றி, பிளாக் மேல்முகத்தில் பின்பக்கம் உள்ள ஆயில் ஓட்டையில் காத்து அடிங்க. அடிக்கும்போதே கிராங்க்கை மெல்ல ரெண்டு சுத்து சுத்தணும். அப்பதான் கேம் ஒரு முழுச் சுத்து வரும், கேம் ஷாஃப்ட் நிக்குற இடத்தால ஏமாற மாட்டீங்க.

இரணியல்_அம்பி:
ஸ்டாண்டு, ஷாஃப்ட், கேஸ்கெட் எல்லாம் சரி. ஹெட்டில் காத்து தாராளமா போகுது. பிளாக் ஓட்டையில் அடிச்சா ரெண்டு சுத்திலும் ஒரு துளி காத்துகூட போகல அண்ணாச்சி.

வேர்க்கிளம்பி_போரிங்:
அப்படின்னா பின்பக்கக் கேம் பேரிங் திரும்பி உக்காந்திருக்கு. அதுக்கு ரெண்டு வேலை: ரியர் மெயினில் இருந்து ஆயிலை வாங்கணும், மேலே ஹெட்டுக்கு அனுப்பணும். ரெண்டு ஓட்டையும் பிளாக் ஓட்டைக்கு நேரா நிக்கணும். பிரிக்காம முடியாது.

பிரிக்கும்போது ஒண்ணு கவனிங்க. சைடு கவர் வழியா டப்பெட்டுகளை வரிசைப்படி எடுத்து வைக்கணும். ஆயில் பம்பும் அதன் டிரைவும், டிஸ்ட்ரிபியூட்டர் டிரைவும் வெளியே வந்த பிறகுதான் கேம் ஷாஃப்டை இழுக்கணும். டிஸ்ட்ரிபியூட்டர் டிரைவை எடுக்க 5/16 இஞ்ச் யுஎன்எஃப் (பொடி மரை) போல்ட், மூணரை இஞ்ச் நீளத்தில், அதன் தலையில் திருகி மேலே இழுத்தா வந்துரும். இழுக்கும் முன்னாடி அதன் வெட்டு எந்தப் பக்கம் நிக்குதுன்னு படம் எடுத்துக்கிடுங்க. கேம் வெளியே வந்ததும் ஒரு டார்ச்சும் மெல்லிய கம்பியும் போதும், ஓட்டை எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு கண்ணாலேயே தெரியும்.

இரணியல்_அம்பி:
பாத்தாச்சு. மேலே போற ஓட்டை முழுசா மூடிக் கிடக்கு. கீழே ரியர் மெயின் பக்க ஓட்டையில் பாதிதான் தெரியுது. மேலே இருந்து நீள டிரில் விட்டு பேரிங் ஷெல்லிலேயே ஓட்டை போட்டுரலாமா?

வேர்க்கிளம்பி_போரிங்:
வேண்டாம். ஷெல் ஸ்டீல், உள்ளே வைட் மெட்டல் பூச்சு. டிரில் உள்ளே துளைச்சு வரும்போது விளிம்பில் பிசிறு நிக்கும், அது ஜர்னலை (பேரிங்குக்குள்ள சுத்துற ஷாஃப்ட் பகுதி) கீறும். கீழே பாதி அடைஞ்ச ஓட்டையும் அப்படியே இருக்கும். அந்த பேரிங்கைத் தட்டித் திருப்பவும் முடியாது. வெளியே எடுத்துட்டா அதன் பிடிமானம் போயிரும், புதுசுதான் போடணும். ஒண்ணு மாத்தினாலும் மூணையும் சேத்து அளக்கணும்.

ஏன் திரும்புதுன்னு சொல்லிடுறேன், அடுத்த தடவை லேத்தில் பக்கத்தில் நின்னு பாருங்க. பேரிங்கை இழுத்து உக்கார வைக்க நீள போல்ட்டும் படிவைத்துக் கடைந்த மாண்ட்ரலும் (ஷெல்லுக்குள்ள பொருந்தி அதைத் தள்ளுற உருளை) போதும். நட்டை முறுக்கும்போது போல்ட்டும் கூடவே சுத்தினா மாண்ட்ரல் சுத்தும், ஷெல்லும் சுத்தும். அதனால போல்ட்டை ஒரு ஸ்பேனரால் பிடிச்சுக்கிட்டு நட்டை மட்டும் திருப்பணும், நட்டுக்கு அடியில் கிரீஸ் போட்ட திரஸ்ட் பேரிங் வைக்கணும். சுத்தியலால் அடிச்சு இறக்கினா ஷெல் கோணலாப் போகும், விளிம்பு மடங்கும். சுத்தியலை எடுக்குற இடத்தில் பிளாக்கைக் கொடுக்கவே கூடாது.

மூணு பேரிங்கும் மூணு அளவு, முன்னாடி பெரிசு, பின்னாடி சிறுசு. முதல்ல நடுவில் உள்ளது, முன்பக்கம் வழியா. பிறகு பின்பக்கத்தைப் பின்னாடியிருந்தும், முன்பக்கத்தை முன்னாடியிருந்தும். கிராங்க், ஃப்ளைவீல், பின் பிளேட் எதுவும் பிளாக்கில் இருக்கக் கூடாது. பிளாக் துளை விளிம்பில் பழைய பேரிங் விட்ட பிசிறை ஸ்கிரேப்பரால் எடுத்துட்டு, ஷெல்லின் வெளிப்பக்கம் லேசா எண்ணெய் தடவுங்க. ஆயில் ஓட்டையின் நேரை பிளாக் முகத்தில் மார்க்கரால் கோடு போட்டு, அதே கோட்டை மாண்ட்ரலிலும் போட்டு, ரெண்டு கோடும் ஒண்ணா நிக்குதான்னு இழுக்க இழுக்கப் பாத்துக்கிட்டே இருக்கணும். உக்காந்ததும் ஒவ்வொரு ஓட்டையிலும் கம்பி நேரா நுழையணும், பிறகு டீசல் ஊத்தி வழியுதான்னு பாக்கணும். இதை ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவுற கருவி) போடும் முன்னாடியே பண்ணுங்க. பிறகு கண்டுபிடிச்சா ரீமர் கூலியும் போச்சு.

தோவாளை_மெஷினிஸ்ட்:
ரீமர் பத்தி நான் சொல்றேன். துளைக்குள்ள இறுகும்போது ஷெல் உள்விட்டம் குறையும், அதனால இறக்கின பிறகு லைன் ரீமிங் (மூணையும் ஒரே கோட்டில் சீவுறது) வேணும். ரீமரின் பைலட் (வழிகாட்டித் தண்டு) மத்த பேரிங்கில் தாங்கி ஓடணும், இல்லன்னா மூணும் ஒரே கோட்டில் வராது. ரீம் பண்ணின பிறகு உள்விட்டம் முன்பக்கம் சுமார் 1.790 இஞ்ச், நடுவில் சுமார் 1.730, பின்பக்கம் சுமார் 1.624. ஷாஃப்ட் ஜர்னலை மைக்ரோமீட்டரில் அளந்து கழிச்சுப் பாத்தா இடைவெளி 0.001 முதல் 0.002 இஞ்ச் இருக்கணும். ஜர்னல் தேய்ஞ்சிருந்தா பேரிங் புதுசா இருந்தும் இடைவெளி கூடும், கேம் பேரிங் வழியாவே ஆயில் வடிஞ்சு சூட்டில் ஐடில் பிரஷர் இறங்கும்.

ஷாஃப்டுக்கு எண்ணெய் போட்டு உள்ளே விட்டு விரலால் சுத்துங்க. சுத்தில் ஒரே இடத்தில் மட்டும் பிடிச்சா ஷாஃப்ட் வளைஞ்சிருக்கு, வீ பிளாக்கில் (வீ வெட்டுள்ள தாங்கி) வச்சு டயல் கேஜ் போட்டு அளங்க. சுத்து முழுக்க இறுக்கம்னா பேரிங்தான். மார்க்கிங் புளூ தடவி எங்கே உரசுதுன்னு பாத்து ஸ்கிரேப் பண்ணலாம். எமரி பேப்பர் மட்டும் போடாதீங்க. அந்தத் துகள் வைட் மெட்டலில் பதிஞ்சு ஜர்னலை அரைச்சுக்கிட்டே இருக்கும்.

முளகுமூடு_கிளாசிக்:
இடையில் ஒரு கேள்வி. என்னோடது இசுசு 1800 இன்ஜின் அம்பாசடர். இதே முறையா?

தோவாளை_மெஷினிஸ்ட்:
இல்ல. அதில் கேம் ஹெட்டின் மேலே இருக்கு, பிளாக்கில் இந்த பேரிங்கே வராது. அதுக்குத் தனி இழை (திரெட்) போடுங்க.

குழித்துறை_டீசல்:
ரீமிங் முடிஞ்சதும் கேலரி பிளக் எல்லாத்தையும் கழற்றி நீள பிரஷ் விட்டுக் கழுவணும், சீவல் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. நம்ம ஊர் கடல் காத்துக்கும் மழைக்கும் கழுவின பிளாக் ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும். காத்து அடிச்சு உலர்த்தின கையோட ஆயில் தடவி பிளாஸ்டிக் கவர் போட்டு மூடிருங்க.

கேம் மாட்டி, அதை முன்பின் நகராமப் பிடிக்கிற லொகேட்டிங் பிளேட் இறுக்கின பிறகு டயல் கேஜ் வச்சு முன்பின் ஆட்டம் பாருங்க: 0.003 முதல் 0.007 இஞ்ச். கூடினா பிளேட் மாத்தணும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றி, ராக்கர் கவர் இல்லாம ஸ்டார்ட்டரில் விட்டு விட்டுச் சுத்துங்க. பின்பக்க ஸ்டாண்டில் ஆயில் தெரியணும், பிறகு முன்பக்கம் வரைக்கும் எல்லா ராக்கரும் நனையணும். அது தெரியாம பிளக் மாட்டாதீங்க. கேமும் டப்பெட்டும் புதுசுன்னா, ஓடத் தொடங்கினதும் ஐடிலில் விடாம 2000 ஆர்பிஎம் பக்கம் 20 நிமிஷம் வச்சிருங்க.

இரணியல்_அம்பி:
சரி அண்ணாச்சி. பேரிங் செட் சொல்லியாச்சு, வந்ததும் மாண்ட்ரல் கடைஞ்சு நானே பக்கத்தில் நின்னு இறக்கச் சொல்றேன். ஜர்னல் அளவு எடுத்ததும் இங்கேயே போடுறேன்.