போர்ட் ஃபார்வர்டிங் போட்டும் வீட்டு சர்வர் கிடைக்கவில்லையா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

திருநெல்வேலி வீட்டில் ஒரு ராஸ்பெரி பை (கையடக்கக் கணினி) ஓடுகிறது. குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான். சென்னையிலிருந்து அதை எட்ட வேண்டும். பைக்கு 192.168.1.50 என்று மாறாத முகவரி கொடுத்து, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கும் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே பைக்குத் திருப்பும் அமைப்பு) போட்டாயிற்று. வெளியிலிருந்து முயன்றால் டைம் அவுட். கஸ்டமர் கேரில் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் பண்ணச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் அதுதானே மருந்து!

விடை ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இருந்தது. வான் ஐபி, அதாவது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி, 100.72 என்று தொடங்கியது. 'என் ஐபி என்ன' என்று சொல்லும் தளமோ வேறு எண்ணைக் காட்டியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், இணைய நிறுவனங்கள் உள்ளுக்குள் பயன்படுத்த 2012-இல் ஒதுக்கப்பட்டவை. அதாவது நம் ரவுட்டருக்கு மேலே நிறுவனத்திடம் இன்னொரு நாட் (பல கருவிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் முறை) இருக்கிறது, பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி. சிஜிநாட் என்பது இதுதான். கேட்டிலேயே வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிடும் ஆளுக்காக வீட்டுக் கதவைத் திறந்து வைத்து என்ன பயன்? மாறாத பொது முகவரியான ஸ்டேடிக் ஐபிக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

* * *

அண்ணா, நானும் அதே 100-தான். மலிவான விபிஎஸ் (பொது ஐபி உள்ள வாடகை சர்வர்) ஒன்றை எடுத்து வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டேன். வீட்டு சர்வர்தான் வெளியே போய் விபிஎஸ்ஸைப் பிடிக்கிறது; வெளியே போகும் இணைப்பை சிஜிநாட் தடுப்பதில்லை. வீட்டுப் பக்கக் கான்ஃபிகில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 நொடி என்று கட்டாயம் போடுங்கள். சும்மா இருக்கும் இணைப்பை நாட் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். அப்புறம் சென்னையிலிருந்து தட்டினால் பதிலே வராது.

எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினியில் நுழையும் வழி) மூலம் வீட்டிலிருந்து விபிஎஸ்ஸுக்குப் போடும் ரிவர்ஸ் டனலும் ஓடும். ஆனால் இயல்பாக அது விபிஎஸ்ஸின் உள்முகவரியான 127.0.0.1-இல் மட்டும்தான் காது கொடுக்கும். வெளியாட்களுக்கும் திறக்க 'கேட்வே போர்ட்ஸ்' அமைப்பை மாற்ற வேண்டும். எனக்கு வயர்கார்டே போதும். சரியான டிஜிட்டல் சாவி இல்லாதவர்களுக்கு அது பதிலே சொல்லாது, போர்ட் ஸ்கேன் செய்பவனுக்கு அங்கே எதுவும் இருப்பதாகவே தெரியாது.

* * *

பொது ஐபி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். தெரிந்தவர் கடையில் கேமரா ரெக்கார்டரை வெளியிலிருந்து பார்க்க வழி செய்து கொடுத்தேன். 'வேலை செய்யலையே' என்று போன் மேல் போன். மனிதர் கடை வைஃபையில் இருந்துகொண்டே பொது ஐபியைத் தட்டிப் பார்த்திருக்கிறார்! உள்ளிருந்து வெளி முகவரிக்குப் போய் உள்ளேயே திரும்பி வருவதைப் பல ரவுட்டர்கள் கையாளுவதில்லை. நாட் லூப்பேக் வசதி வேண்டும். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பார்க்கச் சொன்னேன், உடனே வந்தது.

எஸ்எஸ்ஹெச்சின் போர்ட் 22-ஐ அப்படியே திறந்து வைப்பவர்கள் லாகைப் பாருங்கள்: ரூட், அட்மின் என்று ஊர்பேர் தெரியாதவர்கள் விடாமல் முயல்வது தெரியும். பாஸ்வேர்டை நிறுத்திவிட்டு சாவி மட்டும் வையுங்கள். போர்ட் எண்ணை மாற்றினால் சத்தம் குறையும், பாதுகாப்பு கூடாது.

* * *

புதிய முகவரி முறையான ஐபிவி6 பற்றி யாருமே பேசவில்லையே? அங்கே சிஜிநாட் தொல்லையே இல்லை. சர்வருக்கே பொது முகவரி வரும். ரவுட்டரின் ஃபயர்வால் உள்ளே வருவதை வழக்கமாகத் தடுத்து வைத்திருக்கும், தேவையான போர்ட்டுக்கு மட்டும் அனுமதி கொடுக்க வேண்டும். முகவரியின் முன்பகுதி மாறக்கூடும் என்பதால் மாறும் முகவரியை ஒரே பெயரோடு இணைத்து வைக்கும் டைனமிக் டிஎன்எஸ்ஸும் வேண்டும். என் மொபைல் டேட்டாவிலிருந்து நேராகப் போகிறது. ஆபீஸ் வைஃபையில் பழைய ஐபிவி4 மட்டும்தான், அங்கிருந்து பார்க்க நானும் தம்பி சொன்ன விபிஎஸ் வழிதான்.