ரெண்டரை வயசும் அஞ்சு வயசும்: வீட்டு ஜெபத்துல சந்தோஷமா உட்கார என்ன செய்யலாம்?

தண்டையார்பேட்டை அம்மா

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பெரியவ யூகேஜி, சின்னவனுக்கு ரெண்டரை வயசு. ஒரே ரூம் வீடு. ராத்திரி குடும்ப ஜெபத்துல பாட்டுன்னா ரெண்டு பேரும் குதிச்சு ஆடுறாங்க, அதைப் பார்க்கவே ஆசையா இருக்கு. வேதாகமத்தைத் திறந்ததும் ஒருத்தன் கட்டிலுக்கு அடியில, ஒருத்தி ஜன்னல்ல. அதட்டி உட்கார வைக்க எனக்கு இஷ்டம் இல்ல. நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), வீட்டுக்காரர் பக்கம் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), அதனால மாமியார் மணிமாலையை உருட்டிச் செபமாலையும் சொல்லுவாங்க. எவ்வளவு நேரம் வைக்கலாம், என்ன கதை சொல்லலாம், செபமாலையைச் சின்னவன் கையில குடுக்கலாமா? டிசம்பர்ல பசங்களே கையால செய்யுற மாதிரி வேலை இருந்தாலும் சொல்லுங்க.

பெரம்பூர் சண்டே ஸ்கூல் டீச்சர்

ஸ்தோத்திரம் சிஸ்டர். முதலில் நேரம். சாப்பாட்டுக்குப் பிறகு வைக்காதீர்கள். வயிறு நிறைந்த ரெண்டரை வயசுக்காரனுக்குத் தூக்கம் வரும், தூக்கம் வந்தால் அழுகை வரும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, வாழைப்பழமோ ரெண்டு பிஸ்கட்டோ கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். பாட்டியின் சீரியல் நேரத்தோடு மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ரூமில் டி.வி. ஓடினால் எந்தக் கதையும் எடுபடாது.

மொத்தம் பத்து நிமிடம் போதும். அதில் பாட்டு மூன்று, கதை நான்கு, வசனம் ஒன்று, ஜெபம் இரண்டு. பெரியவர்களுக்கான அதிகார வாசிப்பைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் ஓடுவது பெரும்பாலும் வாசிப்பு தொடங்கும் இடத்தில்தான், ஏனென்றால் அதுவரை கைக்கு வேலை இருந்தது, அங்கே இல்லை. ஆகவே ஒவ்வொரு பகுதியிலும் ஆளுக்கு ஒரு வேலை கொடுங்கள். பாய் விரிப்பது, வேதாகமத்தை ரெண்டு கையால் ஏந்தி வந்து அப்பாவிடம் கொடுப்பது, கடைசியில் சத்தமாக ஆமென் சொல்வது. எந்த வேலை யாருக்கு என்பதை ஒரு வாரத்துக்கு மாற்றாதீர்கள். தினமும் மாற்றினால் சண்டை வரும்.

கதையை வாசிக்க வேண்டாம், சொல்லுங்கள். வேதாகமம் மடியில் திறந்தே இருக்கட்டும், கதை எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கடல் கதைகள் கிடைத்த கொடை. படகு, வலை, காற்று, கரை எதையும் விளக்க வேண்டியதில்லை. மாற்கு 4-ல் புயல்: போர்வையைத் தரையில் விரித்து ரெண்டு பேரையும் அதில் உட்காரச் சொல்லுங்கள், அதுதான் படகு. அப்பா ஓரத்தைப் பிடித்து மெதுவாக ஆட்டட்டும். ஒரு தலையணையில் இயேசு தூங்குகிறார். காற்று சத்தம் பிள்ளைகள் வாயால். "இரையாதே" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் அமைதி. அந்த அமைதிக்காகவே மறுநாளும் இதே கதையைக் கேட்பார்கள். சொல்லுங்கள். ஒரு கதையை ஒரு வாரம் முழுக்கச் சொல்வதில் தப்பே இல்லை. இந்த வயதுக்கு, தெரிந்த கதை அடுத்து எங்கே போகும் என்று முந்திக்கொண்டு சொல்வதுதான் பெரிய சந்தோஷம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை பின்னுவதை நிதானமாகப் பார்க்கலாம். வெயில் ஏறுவதற்குள் ஒரு நடை கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, அன்று ராத்திரி மத்தேயு 4:21 சொல்லுங்கள். யாக்கோபும் யோவானும் அப்பாவோடு வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் இயேசுவின் அழைப்பு வருகிறது. காலையில் கண்ணால் பார்த்தது ராத்திரி வேதாகமத்தில் வந்தால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்!

யோவான் 21-ல் சீஷர்களின் வலையில் 153 மீன். எண்ணக் கற்றுக்கொண்டிருக்கும் பெரியவளுக்கு இந்த எண் ரொம்பப் பிடிக்கும். லூக்கா 19-ல் இயேசுவைப் பார்க்கச் சகேயு மரம் ஏறுவதற்கு அப்பாவின் தோள் போதும்.

வசனம் ரெண்டரை வயதுக்கு மூன்று வார்த்தைக்கு மேல் வேண்டாம். யோவான் 11:35, "இயேசு கண்ணீர் விட்டார்" போதும். பெரியவளுக்குச் சங்கீதம் 23:1-ன் முதல் பாதி. சொல்லுக்கு ஒரு சைகை வையுங்கள்: "கர்த்தர்" என்னும்போது கை மேலே, "என்" என்னும்போது நெஞ்சில், "மேய்ப்பர்" என்னும்போது கோல் பிடிப்பது போல. வாய் மறந்தாலும் கை எடுத்துக் கொடுக்கும். வாரத்துக்கு ஒன்றே ஒன்று. ஒப்பிக்காவிட்டால் சாப்பாடு கிடையாது என்கிற பேச்சு ஒருபோதும் வேண்டாம்.

வியாசர்பாடி அக்கா

டீச்சர் எல்லாத்தையும் அழகா சொல்லிட்டாங்க. பாட்டு பத்தி மட்டும் நான்.

ஆம்பளைங்க கீழ் சுருதியில எடுத்தா பசங்களால கூட சேர முடியாது, வெறுமனே கத்துவாங்க. பாட்டியோ அம்மாவோ எடுங்க. வாரத்துக்கு ரெண்டே பாட்டு, ஒண்ணு கைதட்டிக் குதிக்கிறது, ஒண்ணு மெதுவானது. குதிக்கிறதை முதல்ல பாடி, மெதுவானதுல முடிச்சா மூச்சு வாங்கித் தானா உட்காருவாங்க, அப்படியே கதைக்குப் போயிடலாம். மாத்தி வெச்சா கதைக்கு யாரும் உட்கார மாட்டாங்க. உங்க வீட்டுல பாட்டுக்கு அப்புறம் ஓடுறதுக்கு இதுவும் காரணமா இருக்கும்னு நினைக்கிறேன்.

தம்பூரின் மேளம் ஒரே ரூமுக்கு ரொம்ப சத்தம், பக்கத்து வீட்டுக்கும் கஷ்டம். சின்ன பிளாஸ்டிக் டப்பாவுல ரெண்டு ஸ்பூன் துவரம்பருப்பு போட்டு மூடியைச் சுத்தி இன்சுலேஷன் டேப் மூணு சுத்து சுத்துங்க. செல்லோ டேப் வேணாம், எச்சில் பட்டா பிரிஞ்சிடும், பருப்பு சின்னவன் மூக்குக்கோ வாய்க்கோ போயிடும். பாட்டு முடிஞ்சதும் டப்பாவைத் திரும்ப வாங்கி மேல வெச்சிடணும். கையிலேயே இருந்தா கதை நடக்குறப்பவும் குலுக்கிட்டே இருப்பான்.

ஜெபத்துக்கு அஞ்சு விரல் சொல்லிக் குடுங்க. கட்டைவிரல் நெஞ்சுக்குக் கிட்ட இருக்கு, அது வீட்டுல இருக்கறவங்களுக்கு. ஆள்காட்டி விரல் வழி காட்டுறவங்களுக்கு: டீச்சர், டாக்டர், ஆயர். நடுவிரல் நாட்டை ஆளுறவங்களுக்கு. மோதிர விரல் பலம் கம்மி, அது உடம்பு சரியில்லாதவங்களுக்கும் கடலுக்குப் போயிருக்கறவங்களுக்கும். சுண்டுவிரல் தனக்கு. அஞ்சு வயசுக்கு இது ஒரே வாரத்துல வந்துடும். சின்னவன் தேங்க்யூ மட்டும் சொல்லட்டும். "தேங்க்யூ இயேசப்பா, பூனை"ன்னு சொன்னாலும் நீங்க திருத்தாதீங்க, எல்லாரும் ஆமென் சொல்லுங்க. அது அவனோட முழு ஜெபம்.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்குறேன். "சொன்னபேச்சு கேக்கலன்னா இயேசப்பா கண்ணைக் குத்துவார்"னு வீட்டுல யாரும் சொல்ல விடாதீங்க. பாசமா சொல்லிக் குடுத்த பேரு பயமுறுத்துற பேரா மாறிடும், ராத்திரி ஜெபம்னாலே பசங்க ஒதுங்குவாங்க.

ராயபுரம்காரன்

செபமாலை பத்திக் கேட்டீங்க. அம்பத்து மூணு மணியும் இந்த வயசுக்கு வேணாம் சகோதரி. ஒரு பத்து மணி போதும்: "விண்ணுலகில்" ஜெபம் ஒண்ணு, "அருள் நிறைந்த மரியே" ஜெபம் பத்து, திரித்துவப் புகழ் ஒண்ணு. அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். பாட்டி முதல் பாதி சொல்லட்டும், பெரியவ மணியை நகர்த்தட்டும். செபமாலை சொல்லும்போது நினைக்கிற சம்பவங்களை மறையுண்மைன்னு சொல்லுவோம், அதுல மகிழ்ச்சி நிறைஞ்சதுல இருந்து தொடங்குங்க. முறைப்படி அது திங்களும் சனியும், ஆனா குழந்தை இயேசு வர்றதெல்லாம் அதுலதான் இருக்கு. வானதூதர் வந்தது, எலிசபெத்தைப் பார்க்கப் போனது, பிறப்பு, கோவில்ல காணிக்கை, பன்னிரண்டு வயசுல காணாமப்போய்க் கிடைச்சது. தினம் ஒண்ணு சொன்னா திங்கள்ல இருந்து வெள்ளி வரை அஞ்சும் ஆச்சு.

சின்னவன் கையில கண்ணாடி மணி, கம்பி கோர்த்த மாலை வேணவே வேணாம். இழுத்தா அறுந்துடும், மணி தொண்டைக்குப் போயிடும். மணியே இல்லாம கெட்டி நூல்ல முடிச்சு போட்ட செபமாலை கிடைக்கும், அதைக் குடுங்க. அதையும் கழுத்துல மாட்ட விடாதீங்க, சொல்லி முடிச்சதும் வாங்கிடுங்க.

டிசம்பருக்கு: இயேசு பிறந்த தொழுவம் மாதிரி வைக்கிற கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பச்சைப்புல்லை பசங்களையே வளர்க்கச் சொல்லுங்க. கடையில விக்கிற பச்சைச் சாயத் தூளை விட இது ஆயிரம் மடங்கு மேல். மளிகைக் கடை முழு கோதுமை 100 கிராம், ஒரு ஒன்பது இஞ்ச் தட்டு அளவுக்கு. 14-ஆம் தேதி ராத்திரி ஊறப் போடுங்க. 15 காலையில வடிச்சு ஈரத்துணியில கட்டுங்க. 16-ஆம் தேதி முளை எட்டிப் பார்க்கும். அடியில அஞ்சாறு ஓட்டை போட்ட பழைய பிளாஸ்டிக் டப்பா மூடியில ரெண்டு சென்டிமீட்டர் மண்ணோ தேங்காய் நார்த்தூளோ பரப்பி, அதுமேல கோதுமையை ஒண்ணுமேல ஒண்ணு ஏறாம பரப்பணும். ரெண்டு நாள் ஈரப் பேப்பர் போட்டு மூடி வெச்சு, அப்புறம் ஜன்னல் பக்கம். தண்ணி ஊத்தக் கூடாது, காலையும் சாயங்காலமும் கையால தெளிக்கணும். அதுதான் பசங்களோட வேலை. 24-ஆம் தேதிக்கு நாலு இஞ்ச் நிக்கும்.

கெட்டுப்போறது எங்கேன்னா தண்ணில. டிசம்பர் மழைக்காத்துல ஈரம் காயாது, ஓட்டை இல்லாத தட்டுல போட்டா மூணாவது நாளே புளிச்ச வாடை வரும். வேரைச் சுத்தி பஞ்சு மாதிரி மெல்லிசா வெள்ளையா இருந்தா பயப்படாதீங்க, அது வேர்த்தூவி, தண்ணி தெளிச்சா படிஞ்சிடும். விதைமேல சிலந்தி வலை மாதிரி படர்ந்து நாறினாதான் பூஞ்சை, அந்தப் பகுதியை மட்டும் எடுத்துப் போட்டுடுங்க.

குடில்ல குழந்தை இயேசுவைப் படுக்க வைக்கிற தீவனத்தொட்டியைக் காலியா வைங்க. யார் யாருக்காவது உதவி செஞ்சா அன்னைக்கு ராத்திரி ஒரு வைக்கோல் போடலாம். தம்பிக்குச் செருப்பு மாட்டி விட்டது கூட கணக்குதான். தப்பு செஞ்சா எடுக்கிற வேலை வேணாம், போட்ட வைக்கோல் போட்டதுதான். குழந்தை சொரூபத்தை 24 ராத்திரி சின்னவன் கையால வைக்கணும். மூணு அரசர்களை அலமாரியோட அந்தக் கோடியில நிறுத்தி, கிறிஸ்துமஸ்ல இருந்து தினம் ஒரு சாண் நகர்த்தி ஜனவரி 6-க்குக் குடிலுக்குக் கொண்டு வாங்க. காலையில எழுந்ததும் ஒட்டகம் எங்க வந்திருக்குன்னு பார்க்க ஓடுவாங்க. மெழுகுவத்தி குடில்கிட்ட வேணாம். வைக்கோல், நைலான் கவுன், ரெண்டுமே சட்டுனு பத்திக்கும். எல்.இ.டி. போதும்.

தண்டையார்பேட்டை அம்மா

ரொம்ப நன்றி, போர்வைப் படகை இன்னைக்கே செய்யப் போறேன். கிறிஸ்துமஸ் பலகாரம் கல்கல் செய்யும்போது பசங்களைச் சேர்த்துக்கலாமா? சட்டி கிட்ட வந்துடுவாங்களோன்னு பயமா இருக்கு.

வியாசர்பாடி அக்கா

கண்டிப்பா சேர்த்துக்கங்க, ஆனா சுருட்டுறது ஒரு நேரம், பொரிக்கிறது வேற நேரம். அடுப்பே பத்த வைக்காம சாயங்காலம் தரையில பேப்பர் விரிச்சு உட்காருங்க. மைதா அரை கிலோ, பொடிச்ச சர்க்கரை 150 கிராம், வெண்ணெய் 50 கிராம், முட்டை ரெண்டு, அரை டீஸ்பூன் உப்பு, ஏலக்காய். கெட்டித் தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திப் பிசையுங்க, 100 மில்லி சுமாரா பிடிக்கும். பூரி மாவைவிடக் கொஞ்சம் இளக்கம். அரை மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடுங்க. கோலி அளவு உருண்டையைப் புது சீப்பு மேலயோ முள்கரண்டி முதுகுலயோ அழுத்தித் தேய்ச்சு சுருட்டினா வரி விழும். அழுத்துறது சின்னவன், சுருட்டுறது பெரியவ. ஓரத்தை நல்லா ஒட்டுங்க, இல்லன்னா எண்ணெயில பிரிஞ்சிடும். பச்சை முட்டை இருக்கறதால மாவை வாயில போட விடாதீங்க, கிண்ணத்துல கொஞ்சம் திராட்சைப் பழம் வெச்சிடுங்க, ரெண்டு பேருக்குமே நீளவாக்குல நறுக்கி.

பசங்க தூங்கினதும் மிதமான தீயில பொரிங்க. வெண்ணெய் கூடினா எண்ணெயில கரையும், சர்க்கரை கூடினா உள்ள வேகறதுக்குள்ள வெளிய கறுத்துடும், தீ அதிகமானாலும் அதே கதை. நல்லா ஆறின பிறகுதான் டின்னுல போடணும், சூட்டோட மூடினா நமுத்துடும்.

தண்டையார்பேட்டை அம்மா

முட்டை இல்லாம செய்யலாமா அக்கா? கீழ் வீட்டுல முட்டை சாப்பிட மாட்டாங்க, பெரியவ அவங்களுக்கும் தட்டு கொண்டு போகணும்னு சொல்லிட்டு இருக்கா.

வியாசர்பாடி அக்கா

செய்யலாம்மா. முட்டைக்குப் பதிலா தேங்காய்ப்பாலை 200 மில்லி வரைக்கும் கூட்டுங்க, ரெண்டு ஸ்பூன் ரவை சேருங்க, மொறுமொறுப்பு வரும். அவங்களுக்குள்ளதை முதல்ல புது எண்ணெயில பொரிச்சுத் தனி டின்னுல எடுத்து வெச்சிடுங்க. மூடியில பெரியவளையே ஸ்டார் வரையச் சொல்லுங்க, அப்போ டின் மாறாது.