அப்பாவோட ரெட்டைக்குழல் துப்பாக்கிக்கு எந்த வார் சரியா வரும்?

பள்ளத்தூர் மகள்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பா ராணுவத்துல இருந்து ஓய்வு வாங்கி வந்தவங்க, வயசு 58. இப்ப காரைக்குடி பக்கம் நகைக்கடன் கிளை ஒண்ணுல காவலுக்கு நிக்கிறாங்க. சொந்த லைசென்ஸ்ல 12 போர் ரெட்டைக்குழல், எடை மூணு கிலோவுக்கு மேல இருக்கும். வாரத்துல ரெண்டு மூணு நாள் பண வேன்ல தேவகோட்டை, திருப்பத்தூர்னு போய் வரணும்.

இப்ப மாட்டியிருக்கிறது ஒரு இஞ்ச் நைலான் வார். சட்டை வேர்வையில நனைஞ்சா தோள்ல நிக்கவே மாட்டேங்குது. போன வாரம் வேன்ல இருந்து இறங்கும்போது முழங்கை வரைக்கும் வழுக்கி, குழலைக் கையால பிடிச்சு நிறுத்தியிருக்காங்க. அதைக் கேட்டதுல இருந்து எனக்கு நிம்மதியே இல்ல. தோள்ல நைலான் அறுத்த கோடு சிவப்பா கிடக்கு, ராத்திரி தேங்காயெண்ணெய் தடவி விடுறேன்.

தம்பி ஆன்லைன்ல ஒரே இடத்துல மாட்டுற சிங்கிள் பாயிண்ட் ஸ்லிங் வாங்கிக் கொடுத்தான். அதைப் போட்டு ரெண்டு எட்டு வச்சதும் குழல் முழங்கால்ல இடிச்சிருச்சு. இன்னொண்ணு, துப்பாக்கியோட மரக்கட்டையில வார் மாட்டுற பின் வளையத்தோட திருகாணி கையால சுத்தினாலே சுத்துது. தெருவுல தச்சு வேலை செய்யிற அண்ணன் பக்கத்துல வேற ஓட்டை போட்டுத் தர்றேங்கிறார். தோல் வாங்கலாமா, துணி வாங்கலாமா? ஓட்டை போடலாமா?

ஓய்வு ஹவில்தார், சிவகங்கை:
தாயி, முதல்ல அந்தத் தச்சரைத் தடுத்து நிறுத்து. துப்பாக்கி பழுது பார்க்கவே லைசென்ஸ் வேணும், 1959 ஆயுதச் சட்டம் 5-வது பிரிவு அதைத்தான் சொல்லுது. அதோட பழைய மரத்துல ஓட்டைக்குப் பக்கத்துலயே இன்னொரு ஓட்டை போட்டா இழையோட பிளந்துரும். லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில கொடுத்தா பழைய ஓட்டையை அடைச்சு ஒழுங்காப் போட்டுத் தருவாங்க. திருகாணி நிக்காத வரைக்கும் எவ்வளவு நல்ல வார் வாங்கினாலும் பிரயோஜனமில்ல. அதுவரை அப்பா துப்பாக்கியைக் கையிலதான் வச்சுக்கணும், தோள்ல மாட்டவே வேண்டாம்.

சிங்கிள் பாயிண்ட் குட்டைத் துப்பாக்கிக்கு உண்டானது. 28, 30 இஞ்ச் குழல் இருக்கிற ரெட்டைக்குழலுக்கு முன்னாலயும் பின்னாலயும் மாட்டுற சாதா ரெண்டு முனை வார்தான்.

எந்தச் சரக்குன்னு கேட்டா, நம்ம ஊர் வெயிலுக்குப் பருத்திக் கித்தானைத்தான் சொல்லுவேன். பழைய 303 ரைபிளுக்கு இருந்தது அதுதான், ஒண்ணேகால் இஞ்ச், முனையில பித்தளை. வேர்வை பட்டா நைலான் வழுக்கும், பருத்தி சட்டையோட ஒட்டி நிக்கும். வளையத்துக்குள்ள போற முனை வளையத்தோட அகலத்துக்கு இருக்கட்டும். தோள்ல உக்கார்ற இடம் மட்டும் ரெண்டு, ரெண்டரை இஞ்ச் வேணும். அப்பதான் பாரம் பரவும்.

தோல்வேலை, தேவகோட்டை:
தோல் தைக்கிறவன் நான், ஆனாலும் இந்த வேலைக்கு ஹவில்தார் அண்ணன் சொன்னதுதான் சரி. தோல் வார் தோளுக்குப் பதமா இருக்கும், வருசக்கணக்குல உழைக்கும். ஆனா தினம் வேர்வை குடிச்சா விறைச்சு வெடிக்கும், ஐப்பசி மழையில பூஞ்சை பூக்கும். அதைவிட முக்கியம், வாரைக் குழல்மேல சுத்தி வைக்கவே கூடாது. தேர்தலுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்ச ஒரு துப்பாக்கியைத் திரும்ப வாங்கின கையோட என்கிட்ட கொண்டு வந்தாங்க, வார் மாத்தணும்னு. சுத்தியிருந்த தோலைப் பிரிச்சா, அது கிடந்த தடத்துல அதே அகலத்துக்குப் பழுப்பாத் துரு. கறுப்புப் பூச்சு போய் இரும்பு தெரிஞ்சது. ஈரமும், தோல் பதனிடும்போது தங்குற உப்பும் சேர்ந்து செஞ்ச வேலை. ஒப்படைக்கும்போது வாரைக் கழற்றி வீட்டுல காய வச்சுக்கங்க.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள்ல வெள்ளைக்காரன் காலத்துத் தோல் வார் சில சமயம் கண்ணுல படும். பார்க்க அழகு. மடிச்சுப் பாருங்க, மடிப்புல மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு தெரியும். பாரம் தாங்காது.

என்.சி.சி. மாணவர், காரைக்குடி:
அக்கா, மேல்கையில இறுக்கிக் கட்டுற பட்டை ஒண்ணு போட்டியில பார்த்திருக்கேன், ஆடாம பிடிக்குது. அது ஆகுமா?

ஓய்வு ஹவில்தார், சிவகங்கை:
தம்பி, அது குறி பார்க்கும்போது நடுக்கத்தைக் குறைக்கிற பட்டை. 2024 பாரிஸ்ல ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கின 50 மீட்டர் மூணு நிலைப் போட்டியில முழங்கால் போடும்போதும் படுக்கும்போதும் கட்டிக்கலாம், நின்னு சுடும்போது கூடாது. தோள்ல சுமக்க அது உதவாது.

பள்ளத்தூர் மகள்:
ரொம்ப நன்றிங்க. நீளம் எப்படி அளக்கிறது? அப்பா எப்பவும் சட்டையோட தோள்பட்டிக்குள்ள சொருகித்தான் போடுவாங்க, அது சரிதானா?

ஓய்வு ஹவில்தார், சிவகங்கை:
சொருக வேண்டாம், அவசரத்துக்குக் கழலாது. அளக்கிறதுக்கு முன்னால துப்பாக்கியை மடக்கித் திறந்து ரெண்டு குழலும் காலியான்னு அப்பாவையே பார்க்கச் சொல்லு. அப்புறம் ரெண்டு வளையத்துக்கும் பருத்திக் கயிறு கட்டி, வேலைக்குப் போற உடுப்போட வலது தோள்ல மாட்டச் சொல்லு. குழல் வாய் மேல பார்த்து நிக்கணும், கட்டை உடம்போட ஒட்டிக் கிடக்கணும், படியேறும்போது தொடையில இடிக்கக் கூடாது. வலது கை நெஞ்சு உயரத்துல வாரைச் சிரமமில்லாம பிடிக்கணும். அந்தப் பிடிதான் உண்மையான பூட்டு. கயிறு சரியா வந்த இடத்துல முடிச்சுப் போட்டு அதையே கடைக்குக் கொண்டு போ.

ஒரு விசயம், ரெட்டைக்குழலை மடக்கித் திறந்தா முன் வளையமும் பின் வளையமும் கிட்ட வந்து வார் தொய்யும். மூடும்போது வார் இடையில மாட்டாம இடது கையால ஒதுக்கணும்.

வேன்ல ஏறும் முன்னாலயும் இறங்கும் முன்னாலயும் வாரைத் தோள்ல இருந்து எடுத்து, துப்பாக்கியைக் கையில பிடிக்கச் சொல்லு. கதவுக் கைப்பிடியில வார் மாட்டி இழுத்ததை நான் நேர்ல பார்த்திருக்கேன்.

பள்ளத்தூர் மகள்:
ரெண்டு வாரம் கழிச்சு எழுதுறேன். லைசென்ஸ் உள்ள கடையில பின் திருகாணியைச் சரி பண்ணியாச்சு. முன் வளையத்தோட பற்றவைப்பும் லேசா விட்டிருந்துச்சாம், அதையும் பார்த்துட்டாங்க. கேட்காம இருந்திருந்தா அது எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

வாரைத் தேவகோட்டை அண்ணன்கிட்டயே தைச்சோம். கித்தான், முனை ஒண்ணேகால் இஞ்ச், தோள்ல ரெண்டரை. அடியில சொரசொரப்பான துணி வச்சுத் தைச்சிருக்காங்க. அப்பா முதல் நாள் போட்டுட்டு வந்து ஒண்ணும் சொல்லல. ராத்திரி எண்ணெய்க் கிண்ணத்தோட போனேன், வேண்டாம்னுட்டாங்க.