ஏரியைப் பற்றி எழுதும்போது எதை முன்னால் வைப்பது?

கேள்வி:
எங்கள் ஏரிக்கரை நாணலை வெட்டிச் சாலை போடப் போகிறார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் மூன்று கட்டுரை எழுதிவிட்டேன். ‘வளர்ச்சிக்கு எதிரி’ என்கிறார்கள், மனசு வலிக்கிறது. மீன்களைப் பற்றி எழுதுவதா, பழைய படித்துறையைப் பற்றியா?

பதில் 1:
பிரிக்காதீர்கள். வடக்கு மாசிடோனியா, அல்பேனியா எல்லையிலுள்ள ஓஹ்ரிட் ஏரியைப் பாருங்கள். 1979-இல் இயற்கைக்காக யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. மறு ஆண்டே கரையிலுள்ள பழைய நகரத்துக்காகப் பண்பாட்டு மரபும் சேர்ந்தது. அல்பேனியப் பகுதி 2019-இல்தான் வந்தது. வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் அங்கே 200-க்கும் மேல். தண்ணீர் கெட்டால் ஊரின் கதையும் கெடும்.

பதில் 2:
நாணல் வெறும் புதர் இல்லை என்பதை முதலில் எழுதுங்கள். கரையிலிருந்து வழிந்து வந்து பாசியைப் பெருக்கும் பாஸ்பரஸை அது பிடித்து வைக்கிறது. மீன் முட்டையிடுவதும் அங்கேதான். அப்புறம் தண்ணீரின் தெளிவை அளக்க ஒரு செக்கித் தட்டு செய்யுங்கள். வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று குறிப்பதுதான் வேலை. 1865-இலிருந்து இருக்கும் முறை. மாதாமாதம் அந்த அளவைப் பத்திரிகையில் போடுங்கள்.

கேட்டவர்:
சரி, நாளைக் காலையே படகு கேட்கிறேன். படித்துறைப் பக்கத்திலிருந்தே அளக்கத் தொடங்குகிறேன்.