மியூசிக்கல் நாடகத்துக்குப் பாட்டும் ‘புக்’கும் எழுதுவது: அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பகுதியின் மேலும் இருப்பது அதை எழுதியவரின் புனைபெயர்)

திரைமறைவு

பாட்டெழுத வருகிறவர்களில் பாதிப்பேர் லிப்ரெட்டோவை, நியூயார்க்கின் பெரிய வணிக நாடக அரங்குகளான பிராட்வே வழக்கில் ‘புக்’கை, இரண்டு பாட்டுக்கு நடுவே ஒட்டுப்போடும் வசனம் என்றுதான் நினைக்கிறார்கள். யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, எந்த நொடியில் பேச்சு போதாமல் பாட்டாக வெடிக்கிறது என்று தீர்மானிப்பதுதான் புக். ஒரு வரி வசனம்கூட இல்லாமல் முழுக்கப் பாடியே நடத்தும் நாடகத்துக்கும் அது உண்டு. பிராட்வே நாடகங்களுக்குத் தரும் டோனி விருதில் புக்குக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. இசையும் பாடல்வரியும் சேர்ந்து இன்னொரு பிரிவு.

இடைவேளையோடு இரண்டரை மணி நேரம் என்று வையுங்கள். முதல் பாதி 70 முதல் 75 நிமிடம், இரண்டாவது 50 முதல் 55. அதில் 16 முதல் 20 பாட்டு. போக மிச்சம் பேச்சுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. பேச்சு நாடகத்தில் நாலு பக்கம் ஓடும் காட்சி இங்கே ஒன்றரைப் பக்கத்தில் முடிய வேண்டும். அந்த ஒன்றரைப் பக்கத்திலும் ஆகச் சிறந்த இரண்டு வரியைப் பாடலாசிரியர் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். கொடுத்துவிட வேண்டும். உச்சத்தை வசனத்திலேயே சொல்லிவிட்டால், அடுத்து வரும் பாட்டு சொன்னதையே திருப்பிச் சொல்லும். கூட்டம் இருமத் தொடங்கும்.

தத்தகாரம்

மேலே சொன்னதோடு ஒன்று. வரி எழுத உட்காருமுன் ஒவ்வொரு பாட்டுக்கும் அரைப் பக்கக் குறிப்பு போடுங்கள்: பாடுபவர் யார், யாரிடம் பாடுகிறார், பாட்டுக்கு முன் அவர் நிலை என்ன, முடியும்போது என்ன. முன்னும் பின்னும் ஒரே நிலை என்றால் அந்தப் பாட்டை எடுத்துவிடலாம். கதை அப்படியே நிற்கும். சிரிக்க வைக்கிற பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் சலுகை தரலாம்.

மெட்டு முதலா வரி முதலா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், பாடலாசிரியர் லாரன்ஸ் ஹார்ட்டோடு வேலை செய்த காலத்தில் பெரும்பாலும் மெட்டு முந்தியது. அதே ராட்ஜர்ஸ் பின்னால் பாடலாசிரியர் ஆஸ்கார் ஹேமர்ஸ்டைனோடு சேர்ந்தபோது வரி முந்தியது. பாட்டு கதையைச் சுமக்க வேண்டிய இடங்களில் வரி முதலில் போவது நல்லது. மெட்டு முதலில் வந்தால் தத்தகாரத்தை, அதாவது மெட்டின் ‘தன்ன தானா’ அசைகளை, கையிலேயே எழுதி, அழுத்தம் விழும் இடத்தையும் நீளும் இடத்தையும் குறித்துக்கொண்டு பிறகு சொல் தேடுங்கள். நேரே சொல்லை நுழைத்தால் மெட்டு நொண்டும்.

குறில்நெடில்

தமிழில் எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நமக்குக் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும். ‘என்னை விடு’ என்ற வரியில் ‘வி’ மேல் இரண்டு மாத்திரை இழுப்பு விழுந்தால் கேட்பவர் காதில் ‘வீடு’. அதேபோல கொடு, கோடு; மலை, மாலை; படம், பாடம். சினிமாப் பாட்டு என்றால் பத்து முறை கேட்டுச் சரிசெய்துகொள்வார்கள். மேடையில் ஒரே முறை. அந்த நொடியில் புரியாதது புரியாததுதான்.

நீளும் சுரத்தில் நெடில் வையுங்கள், அதிலும் ஆ, ஓ இருந்தால் பாடகர் வாய் திறக்கும். உச்சஸ்தாயியில் ஈ, ஊ கொடுத்தால் தொண்டை இறுகும், சொல்லும் கரையும். பாட்டின் கடைசிச் சொல் ‘வந்து’, ‘காத்து’ போல உகரத்தில் முடிந்தால் கைதட்டலுக்கான இடம் மழுங்கிப்போகும். ‘வா’, ‘நிலா’ போல முடிந்தால் அந்தச் சுரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம்.

இன்னொன்று, பிரிப்பு. ‘பல கை’ என்று எழுதுவீர்கள், ‘பலகை’ என்று கேட்கும். தாளில் இடைவெளி தெரியும், காதுக்குத் தெரியாது. எழுதியதை நாடகம் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் பாடிக்காட்டி, கேட்டதைத் திருப்பி எழுதச் சொல்லுங்கள். தப்பாக எழுதிய இடமெல்லாம் மாற்ற வேண்டிய இடம்.

மோனைப்பித்தன்

எதுகை மோனை பற்றி ஒரு எச்சரிக்கை. நெருக்கமாக விழும் இயைபு, அதாவது ஒரே ஒலியில் முடியும் சொற்கள், பாடுபவரைக் கெட்டிக்காரராகக் காட்டும். பாத்திரம் கெட்டிக்காரராக இருந்தால் சரி. ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் (1957) மரியா பாடும் ஒரு பாட்டில் வரிக்குள்ளேயே இயைபு அடுக்கிவிட்டதாக அதன் பாடலாசிரியர் ஸ்டீபன் சாண்ட்ஹைம் கடைசிவரை தன்னைத்தானே குறை சொன்னார், புதிதாக நியூயார்க் வந்து சேர்ந்த ஏழைப் பெண்ணின் வாயில் சீமாட்டிப் பேச்சு வந்துவிட்டது என்பது அவர் கணக்கு. குழம்பியிருப்பவருக்கும் அழுகிறவருக்கும் இயைபைத் தளர்த்துங்கள். வழக்கறிஞருக்கும் எத்தனுக்கும் அள்ளிக் கொடுங்கள்.

திரைமறைவு

முதல் பாட்டை முதலில் எழுதாதீர்கள். அல்லது எழுதுங்கள், தூக்கிப்போடத் தயாராக. 1962-ல் சாண்ட்ஹைம் இசையும் வரியும் எழுதிய ஒரு ரோமானியக் கேலி நாடகம் வாஷிங்டன் முன்னோட்டத்தில் சிரிப்பே வராமல் படுத்தது. இயக்குநரும் நடன அமைப்பாளருமான ஜெரோம் ராபின்ஸ் வந்து பார்த்து, தொடக்கப் பாட்டுதான் கோளாறு என்றார். அது மென்மையான காதல் பாட்டு. அதைக் கேட்டவர்கள் அமைதியான நாடகம் பார்க்கத் தயாராகிவிட்டார்கள். ‘இன்றிரவு கூத்துதான்’ என்று வெளிப்படையாகச் சொல்லும் புதுப் பாட்டு வந்தது, பின்னால் வந்த அதே நகைச்சுவைகளுக்குச் சிரிப்பும் வந்தது. இரண்டாம் பாதி தொய்கிறது என்று புகார் வந்தால் முதல் பத்து நிமிடத்தைப் பாருங்கள்.

ஒத்திகைக்கணக்கு

ரீடிங் பற்றி, அதாவது மேடையேற்றுமுன் பிரதியைக் கூட்டத்துக்குப் படித்துக்காட்டுவது பற்றி, யாரும் சொல்லவில்லை. நியூயார்க்கில் நடிகர் சங்க விதிப்படி நடப்பது ‘29 மணி நேர ரீடிங்’: இரண்டு வாரத்துக்குள் ஒத்திகையும் படித்துக்காட்டுவதும் சேர்த்து மொத்தம் 29 மணி நேரம். கையில் பிரதி, முன்னால் மியூசிக் ஸ்டாண்டு, ஒரு பியானோ, அவ்வளவுதான். நடிகர்கள் அந்த நேரத்துக்குள் பாட்டையே கற்க வேண்டும். ஆகவே நான்கு குரல் கோரஸை ஒற்றைக் குரலாக்குங்கள், நடன இசையை நாலு வரிக் குறிப்பாகச் சுருக்குங்கள், புது வரிகளை முதல் நாளோடு நிறுத்துங்கள்.

படிக்கும்போது மேடையைப் பார்க்காதீர்கள், கூட்டத்தைப் பாருங்கள். ஆள் அசைந்து உட்காரும் இடம், தாளைப் புரட்டும் இடம், இரண்டையும் நேரத்தோடு குறியுங்கள். முடிந்தபின் கிடைக்கும் பாராட்டால் பயன் குறைவு.

ஒப்பந்தம்முதலில்

இனி காசு. அமெரிக்க நாடக எழுத்தாளர் சங்கமான டிராமாட்டிஸ்ட்ஸ் கில்டின் பிராட்வே ஒப்பந்தப்படி மியூசிக்கல் எழுத்தாளர்களுக்கு வசூலில் குறைந்தது 4.5 சதவீதம், போட்ட முதல் திரும்பியதும் 6. இசை, வரி, புக் மூன்றுக்கும் சேர்த்து. அந்த 6-ஐச் சரிசமமாக மூன்றாகப் பிரித்தால் வரிக்கு 2, புக்குக்கு 2. இரண்டையும் ஒருவரே எழுதினால் 4. பாட்டும் புக்கும் சேர்த்து எழுதப் பழகுங்கள் என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். காப்புரிமை எழுதியவர்களிடமே இருக்கும். நாடகம் பிராட்வேயில் ஓடி முடிந்த பிறகும் பள்ளிகளுக்கும் அமெச்சூர் குழுக்களுக்கும் உரிமம் கொடுத்து வருவதுதான் பல பேருக்கு நிலையான சோறு.

இசையமைப்பாளரோடு ஒப்பந்தம் முதல் பாட்டுக்கு முன்பே போடுங்கள். கூட்டு முறிந்தால் யார் எதை எடுத்துப்போவது, எந்தக் கட்டத்துக்குப் பின் இசை, வரி, புக் மூன்றும் பிரிக்க முடியாத ஒன்றாகும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். நாவலைத் தழுவுகிறீர்களா? உரிமை வாங்குமுன் ஒரு பாட்டுகூட வேண்டாம். எழுதியவர் இறந்து இந்தியாவில் 60 ஆண்டு, பிரிட்டனில் 70 ஆண்டு கழிந்தால்தான் பொதுவுடைமை. இந்தியாவில் தாராளமாக மேடையேற்றக்கூடியது லண்டனில் வழக்காகலாம்.

குறில்நெடில்

புதியவர்களுக்குப் பயிற்சி கேட்டால் ஹேமர்ஸ்டைன் இளம் சாண்ட்ஹைமுக்குக் கொடுத்ததே போதும். நாலு நாடகம்: ஒன்று, மிகவும் பிடித்த நாடகத்திலிருந்து, இரண்டு, பிடித்தாலும் ஓட்டை தெரிகிற நாடகத்திலிருந்து, மூன்று, நாவல் அல்லது சிறுகதையிலிருந்து, நாலு, சொந்தக் கதை. இரண்டாவதுதான் அதிகம் கற்றுக்கொடுக்கும், ஏனென்றால் பிரித்துத் தைக்க வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்கள் 1961-ல் லீமன் எங்கல் தொடங்கிய, இசை உரிம அமைப்பான பிஎம்ஐ நடத்தும் மியூசிக்கல் பட்டறைக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. வரிக்கும் புக்குக்கும் தனித்தனியாகத் தரும் கிளீபன் பரிசு 1,00,000 டாலர்.

ஒத்திகைக்கணக்கு

ஒன்று விட்டுப்போனது. திருத்திய பக்கம் ஒவ்வொன்றின் தலையிலும் தேதி போடுங்கள், மேடை மேலாளர் கையில் கொடுத்தபிறகே நடிகருக்குத் தாருங்கள். நடிகரிடம் நேரே வரியை மாற்றிச் சொன்னால், அன்று இரவு லைட் கியூ, அதாவது விளக்கை மாற்றும் சைகை, பழைய சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.