ஏ மைனர் மெட்டு: ஜி கார்டு இடிக்கிறது, சரணமும் எழும்பவில்லை

தந்திமீட்டி:
வணக்கம் நண்பர்களே. கிடாரில் ஒரு பாட்டு போட்டுக்கொண்டிருக்கிறேன், மெட்டு முதலில் வந்துவிட்டது, வரிகளும் பாதிக்கு மேல் எழுதியாகிவிட்டது, கார்டுதான் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) சரியாக உட்கார மறுக்கிறது. பல்லவிக்கு ஏ மைனர், எஃப், சி, ஜி என்று ஒரு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஒன்றாக வைத்துச் சுற்றி வருகிறேன். முதல் மூன்று வரிக்கு அருமையாகப் பொருந்துகிறது. நான்காவது வரியில், மெட்டு ஸட்ஜத்துக்கு, அதாவது ஏ-க்கு, திரும்புவதற்குச் சற்று முன்னால், ஜி விழும்போது குரலும் கிடாரும் மோதுகின்றன. டியூனிங் சரிதான், பார்த்துவிட்டேன்.

இன்னொன்று, சரணத்துக்கும் இதே நான்கு கார்டுதான். மெட்டு மேலே போகிறது, பாட்டு மேலே போகவில்லை. வேறு நான்கு கார்டு தேட வேண்டுமா?

ஆதாரசுருதி:
தேடுவதற்கு முன்னால் ஒரு விஷயம் பாருங்கள். அந்த நான்காவது வரியை வெறும் குரலில் பாடி, மோதுகிற இடத்தில் நிறுத்தி, அந்த ஸ்வரத்தை முதல் தந்தியில் (மெல்லியது) கண்டுபிடியுங்கள். மூன்றாவது ஃப்ரெட்டா (கிடார் கழுத்தில் உள்ள கட்டம்), நான்காவதா?

தந்திமீட்டி:
நான்காவது! மற்ற வரிகளில் அதே இடத்தில் மூன்றாவதுதான் வருகிறது.

ஆதாரசுருதி:
அப்படியென்றால் காரணம் கிடைத்துவிட்டது. உங்கள் மெட்டு மூன்று வரி நடபைரவி ராகத்தில் போய், நான்காவதில் கீரவாணி ராகத்தின் பெரிய நிஷாதத்தை (மேல் 'நி') தொடுகிறது. நீங்கள் பாடுவது ஜி ஷார்ப், கீழே அடிப்பது ஜி. அரை ஸ்வர வித்தியாசத்தில் இரண்டும் ஒன்றாக ஒலித்தால் இடிக்கத்தான் செய்யும். ஈ மைனர் போட்டாலும் தீராது, அதற்குள்ளும் ஜி இருக்கிறது. அந்த பாரில் ஈ மேஜர் வையுங்கள். ஈ, ஜி ஷார்ப், பி மூன்றும் அதில் உண்டு, அந்த ஜி ஷார்ப் தானாக ஏ-யை நோக்கி இழுக்கும். மெட்டை மட்டும் தயவுசெய்து மாற்றாதீர்கள், அந்த நிஷாதம்தான் பாட்டின் உயிர்.

பொதுவாகவே, மெட்டு முதலில் பிறந்துவிட்டால் சுற்றிச் சுற்றி வரும் கார்டு வரிசையை (லூப்பை) அதன் மேல் போர்த்தக் கூடாது. எந்த அசையில் குரல் நின்று இளைப்பாறுகிறதோ, அதிலும் பாரின் முதல் அடியில் எது விழுகிறதோ, அந்த ஸ்வரம் அடங்கிய கார்டுகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். நடுவில் ஓடிப் போகிற ஸ்வரங்கள் கார்டுக்கு வெளியே இருந்தாலும் பரவாயில்லை, காது மன்னித்துவிடும்.

மந்தரஸ்தாயி:
ஈ மேஜர் சரிதான், ஈ செவன்த் வைத்தால் இழுப்பு இன்னும் கூடும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வைக்காதீர்கள், பல்லவி முடிவுக்கு மட்டும். அடிக்கடி கேட்டால் அதன் பலம் போய்விடும்.

சரணத்துக்கு வருவோம். ஏ மைனர் பல்லவி முழுக்க வந்து வந்து காதுக்குப் பழகிவிட்டது, சரணமும் அதிலேயே தொடங்கினால் எங்கே போன மாதிரி இருக்கும்? சரணம் எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறது, கடைசி வரி எதில் நிற்கிறது?

தந்திமீட்டி:
தொடக்கம் ஈ, நீட்டிப் பாடுகிறேன். கடைசி வரியில் ஏ-யைப் பிடித்து நின்று, கொஞ்சம் இறங்கி அதே ஜி ஷார்ப்.

மந்தரஸ்தாயி:
நல்ல மெட்டு. ஈ-க்கு சி மேஜர் வையுங்கள், இரண்டு பார் அசையாமல். பல்லவியில் பாருக்கு ஒன்று மாறியது இங்கே மெதுவானாலே இடம் திறந்த மாதிரி இருக்கும். அடுத்த வரிக்கு எஃப், ஜி, திரும்பவும் சி. இந்த சி-க்கு ஆறாவது தந்தியையும் சேர்த்து அடித்தால் பேஸில் ஈ வந்துவிடும், முதலில் வந்த சி போலவே ஒலிக்காது. கடைசி வரி வரைக்கும் ஏ மைனரைத் தொடாதீர்கள்.

அப்புறம் அந்த நீண்ட ஏ. முதலில் டி மைனர், அதில் ஏ இருக்கிறது. பிறகு ஈ சஸ் ஃபோர் (ஈ மேஜரில் ஜி ஷார்ப்புக்குப் பதில் ஏ), அதிலும் ஏ இருக்கிறது. குரல் ஜி ஷார்ப்புக்கு இறங்கும் அதே கணத்தில் மூன்றாவது தந்தியின் விரலை இரண்டாவது ஃப்ரெட்டிலிருந்து முதல் ஃப்ரெட்டுக்குக் கொண்டுவந்தால் ஈ மேஜர். அங்கிருந்து பல்லவியின் ஏ மைனர்.

தந்திமீட்டி:
வாசித்துப் பார்த்தேன். இடிப்பு போய்விட்டது, பல்லவி திரும்பும்போது உடம்பு சிலிர்க்கிறது. சரணத்தின் இரண்டாவது வரியில் மட்டும் எஃப் கொஞ்சம் கனமாக இருக்கிறது, அங்கேயும் குரல் ஈ-யில்தான் நிற்கிறது.

ஆதாரசுருதி:
எஃப் மேஜர் செவன்த் போடுங்கள், அதற்குள் ஈ இருக்கிறது. முதல் தந்தியைத் திறந்து விட்டால் போதும், ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்தும் 'பாரே' பிடியும் தேவையில்லை.