மூர் மார்க்கெட் படத்தில் டேக் வைக்கலாமா?

மாம்பலம் வாசி:
நம்மிடம் இருக்கும் பழைய சென்னைப் படங்களைத் தொட்டால் விவரம் வருகிற மாதிரி டேக் போடலாம் என்று நினைக்கிறேன். உதாரணத்துக்கு, சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பழைய சந்தை மூர் மார்க்கெட், அதை என் சித்தப்பா எடுத்த படம். 1985 தீ விபத்துக்கு முன்னால் எடுத்தது. கட்டடத்தைத் தொட்டால், "1900-இல் திறந்தது, இப்போது இங்கே புறநகர் ரயில் நிலையம்" என்று வரும். பின்னால் தெரியும் சென்ட்ரல் மணிக்கூண்டுக்கு இன்னொன்று. இதெல்லாம் இப்போது கீழே 90 கமெண்டுக்குள் புதைந்து கிடக்கிறது. யார் தோண்டுவார்?

டிராம் பித்தன்:
வேண்டாம் சார். போன வாரம் ஒருத்தர் மவுண்ட் ரோடு படத்தில் டேக்குக்கு ஒன்றாகப் பதினெட்டுப் புள்ளி வைத்திருந்தார். அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. எல்.ஐ.சி. கட்டடத்தின் உச்சந்தலையிலேயே ஒன்று!

மாம்பலம் வாசி:
மறைத்து வைத்துவிடலாமே. மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டும் தெரியட்டும். ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் ஆரம்ப காலத்திலேயே படத்தின் மேல் கட்டம் போட்டு இப்படித்தான் குறிப்பு எழுதினார்கள்.

நிரல்காரி:
அண்ணா, போனில் மவுஸ் ஏது? மறைத்து வைத்தால் அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. ஓரத்தில் ஒரு பொத்தான் வையுங்கள். அழுத்தினால் புள்ளிகள் வரட்டும், மறுபடி அழுத்தினால் போகட்டும். அப்புறம், இடத்தை பிக்சல் கணக்கில் குறிக்காதீர்கள். 1000 பிக்சல் அகலப் படத்தில் 800-இல் வைத்த புள்ளி, போனில் படம் 400 ஆகச் சுருங்கினாலும் 800-இலேயே நிற்கும். அதாவது படத்துக்கு வெளியே, தெருவில். இடமிருந்து 80 சதவீதம், மேலிருந்து 35 சதவீதம் என்று குறித்தால் எந்தத் திரையிலும் நகராது.

டிராம் பித்தன்:
அது சரிம்மா, தப்பான டேக்குக்கு யார் பொறுப்பு? ஒரு டிராம் படத்தில் "1960" என்று போட்டிருந்தார்கள். இங்கே டிராம் 1953-லேயே நின்றுபோயிற்று. கமெண்டில் எழுதினால் ஒருத்தர் சொன்ன பேச்சு. படத்தின் மேலேயே எழுதினால் கல்வெட்டு.

நிரல்காரி:
குறிப்போடு எழுதியவர் பெயரும் தேதியும் சேர்ந்து வரட்டும் சார். விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படக் களஞ்சியத்தில் படத்தின் மேல் எழுதும் குறிப்பை யார் மாற்றினாலும் வரலாற்றுப் பக்கத்தில் தெரியும். என் பயம் வேறு. குறிப்புகள் எங்கே சேமிக்கப்படுகின்றன? ஒரு இலவச தளத்தில் கபாலி கோயில் கோபுரத்தைச் சிற்பம் சிற்பமாகத் தொட்டுப் பார்க்கிற மாதிரி செய்து வைத்தேன். தளத்தை மூடினார்கள். படம் என்னிடம் இருக்கிறது, எழுதியதெல்லாம் போயிற்று. எழுத்தைத் தனி கோப்பாகவும் நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

ராயபுரத்துக்காரி:
கட்டடம் சரி, ஆட்களுக்கு மட்டும் வேண்டாம். படத்தில் பழம் விற்கிற அம்மாவிடம் யாராவது கேட்டார்களா? ஃபேஸ்புக்கே 2021 நவம்பரில், முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் வசதியை நிறுத்துகிறோம், நூறு கோடிக்கு மேற்பட்டவர்களின் முகப் பதிவுகளை அழிக்கிறோம் என்று அறிவித்தது. நாம் கையால் அதே வேலையைச் செய்ய வேண்டுமா?

மாம்பலம் வாசி:
நியாயம்தான் மேடம். முகத்துக்கு டேக் கிடையாது. கட்டடம், கடைப் பலகை, வண்டி, அவ்வளவுதான்.

டிராம் பித்தன்:
என்னமோ செய்யுங்கள், எனக்கு உடன்பாடு இல்லை. அது இருக்கட்டும், உங்கள் சித்தப்பா படத்தில் பழைய புத்தகக் கடை வரிசை தெரிகிறதே, அதில் மூன்றாவது கடையில்தான் எட்டாவது படிக்கும்போது முதல் அகராதி வாங்கினேன். இரண்டு ரூபாய், அட்டை இல்லை.

மாம்பலம் வாசி:
எந்தப் பக்கத்திலிருந்து மூன்றாவது சார்?

டிராம் பித்தன்:
அந்தத் தூணுக்குப் பக்கத்தில்.

மாம்பலம் வாசி:
ஆறு தூண் இருக்கிறது சார்.